ஒரே மரத்தில் இரண்டு சங்கிலி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், நாய்ச் சங்கிலி ஒன்றின் ஒரு முனையை வேப்பமரத்தில் சுருக்குப் போட்டு மாட்டி, மறுமுனையை என் இடுப்பில் சுற்றி, திண்டுக்கல் பூட்டுப் போட்டுப் பூட்டிக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அமுக்கினேன். அதன் சாவி மதுரை கோச்சடையில் என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தொழில் சுங்குடிச் சேலை விற்பது. நாய்களுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, தெருமுனையில் ஒன்று படுத்திருந்தால் நான் அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போவது. இப்படிப்பட்டவனை நாய்களுக்கான குழுவில் சேர்த்தது ஒரு கால்நடை டாக்டரம்மா. என் கடைக்கு ஒரு ஜாக்கெட் துணி வாங்க வந்தவர், இரண்டு சேலையோடு திரும்பிப் போனார். மறுநாள் வந்து, "எனக்கு வேண்டாத சேலையை என் தலையில கட்டிட்டீங்கள்ல, அந்த வாயை ஞாயித்துக்கிழமை மட்டும் நாய்களுக்குக் குடுங்க" என்றார். சேலையைத் திருப்பிக் கேட்டு விடுவாரோ என்ற பயத்தில் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வேனில் கிளம்புவோம். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வாரம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வாரம். தோட்டத்திலும் கோழிப்பண்ணையிலும் செங்கல் சூளையிலும் வெட்டவெளியில் கட்டிக் கிடக்கிற நாய்களைத் தேடிப் போவோம். டாக்டரம்மா வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவார். கழுத்தை அறுக்கும் கட்டுக்கம்பியை எடுத்துவிட்டுத் துணிப்பட்டை மாட்டுவார். தண்ணீர்த் தொட்டி வைப்போம். உரிமையாளர் சம்மதித்தால் துணிக்கொடி மாதிரி உயரத்தில் ஒரு கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுவோம். நாய் ஓட ஓட வளையமும் கூடவே ஓடும். கட்டித்தான் இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் கிடக்காது. அவ்வளவுதான் எங்கள் புரட்சி.

இதில் என் பங்கு பேசுவது. டாக்டரம்மா நாயின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் பத்தடி தள்ளி நின்று நாயின் மன உளைச்சலைப் பற்றி உருக்கமாகப் பேசுவேன். கிட்டத்தில் வந்து பேசுங்களேன் என்று யாராவது கூப்பிட்டால், தொண்டை சரியில்லை என்பேன். ஊருக்கு ஊர் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றேதான். மாட்டைக் கட்டுறோம், ஆட்டைக் கட்டுறோம், நாயைக் கட்டினால் மட்டும் உனக்கு ஏன் வலிக்குது? மாடு மேய்ச்சலுக்குப் போகிறது, ஆடு காடு சுற்றி வருகிறது, நாய் மட்டும்தானே ஆயுசுக்கும் ஒரே முளையில் என்று சொல்ல வேண்டும். அது எனக்கு வேனில் திரும்பி வரும்போதுதான் தோன்றும். துண்டுப் பிரசுரம் ஒன்றும் எழுதி அச்சடித்தேன். எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது என்று ஒரு பஜ்ஜிக் கடை மாஸ்டர் இன்னொரு கட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்படிப் போன இடங்களில் ஒன்றுதான் அந்த வேப்பமரத்து வீடு. ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள். கணவர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். மல்லிகைத் தோட்டம், இரண்டு மாடு, மரத்தடியில் ஒரு கறுப்பு நாய். நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டேன். நாயின்னுதான் கூப்பிடுறோம், வருது என்றார். கட்டிக் கிடக்கிற நாய் எங்கே வரும் என்று கேட்க நினைத்து, அந்த அம்மாள் கையில் அரிவாள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு முறை எங்களை வாசலோடு அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை டாக்டரம்மாவிடம் காரணத்தைச் சொன்னார். பக்கத்து வீடு அவருடைய கொழுந்தனார் வீடு. கணவரின் தம்பி. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் தொடங்கிய மனஸ்தாபத்தில் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்காகிவிட்டது. இதற்கு நடுவில் நாய் ஒருநாள் வரப்பைத் தாண்டிப் போய்க் கொழுந்தனாரின் கோழிகளைப் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை இந்த நாய் வரப்புத் தாண்டினால் சோற்றில் விஷம் கலந்து வைப்பேன் என்று அவர் ஊர் கேட்கச் சொன்னார். அன்றைக்குக் கட்டியதுதான் சங்கிலி. இரண்டு வருடமாகிறது.

"சங்கிலியில கெடந்தா உசுரோட கெடக்கும் டாக்டரம்மா. அவுத்தா செத்துரும்" என்றார்.

இதற்கு என் துண்டுப் பிரசுரத்தில் பதில் இல்லை. கம்பி இழுக்கலாம் என்றால், ஒரு முனைக்கு வேப்பமரம் இருக்கிறது, மறுமுனைக்குக் கல்லுக்கால் நட வேண்டும். வீட்டின் அமைப்புக்கு அந்தக் கால் சரியாக அந்த வரப்பில்தான் வரும். வேறு பக்கம் மாட்டுத்தொழுவம், கிணறு, பாதை. கொழுந்தனார் தன் கையால் நட்டால்தான் ஆயிற்று, நான் நட்டால் நாளைக்கே வரப்பைப் பிடித்துவிட்டேன் என்று பஞ்சாயத்துக் கூட்டுவார் என்றார் அந்த அம்மாள். நாங்கள் நம்பிக்கையோடு இறக்கிப் போட்ட கல்லுக்காலும் கம்பிச் சுருளும் அங்கேயே கிடந்தன. அடுத்த முறை போனபோது அதன்மேல் சுரைக்கொடி ஏறிக் காய்த்திருந்தது.

அப்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. எனக்கு யோசனை உதித்தால் என் மனைவி உடனே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்வாள். எங்கள் வீட்டு மொழி குஜராத்துப் பக்கமிருந்து எத்தனையோ தலைமுறைக்கு முன் எங்களோடு வந்தது. அந்த மொழியில் அவள் சொன்னதன் சுருக்கம், வேண்டாம் என்பது. டாக்டரம்மாவும் வேண்டாம் என்றார். நாயோடு நாயாக ஒரு பகல் முழுவதும் நானும் கட்டிக் கிடந்தால் அந்த அம்மாளும் மனம் இளகுவார், ஊரும் இளகும், கொழுந்தனாரும் வரப்புக்கு வந்து எட்டிப் பார்ப்பார் என்று எனக்கு மட்டும் உறுதியாகத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை சேலை எடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை. புதுப் பூட்டுக்குச் செலவு எதற்கென்று கடை ஷட்டரின் உபரிப் பூட்டை எடுத்துக்கொண்டேன். ஆணியில் இரண்டு கொத்து தொங்கின, ஒன்று வீட்டுச் சாவி, ஒன்று கடைச் சாவி. எதை எடுத்தேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரியாது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் டவுன் பஸ் மாறி, ஊரில் இறங்கினேன். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், டியூப் லைட், ஒலிபெருக்கியில் பாட்டு. நல்ல நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம், நிறையக் கூட்டம் வரும் என்று சந்தோஷப்பட்டேன்.

நான் பூட்டிக்கொண்டதை அந்த அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பார்த்தார். நாய் இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மரத்தின் அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான். சங்கிலி இரண்டும் ஒரே நீளம், அளந்து வாங்கியது. சாயங்காலம் வரை இப்படியே இருக்கப் போகிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள் அக்கா என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அதுக்கு ஒரு நேரந்தான் சோறு வைப்பேன். ஒங்களுக்கு எப்படி தம்பி?"

நான் எதிர்பார்த்த மாதிரியே ஆட்கள் வந்தார்கள். எதிர்பாராதது அவர்கள் கேட்ட கேள்வி. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நின்று, பயபக்தியோடு, என்ன வேண்டுதல் என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டித் திருவிழா தொடங்குகிறது. அக்கினிச்சட்டி எடுக்கிறவர்கள், அலகு குத்துகிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள் எல்லாரும் வருகிற நேரத்தில், மதுரையிலிருந்து ஒருவன் வந்து தன்னைச் சங்கிலியில் பூட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? வேண்டுதல் இல்லை, நாய்க்காக என்றேன். நாய்க்காக வேண்டுதலா, நல்ல மனசு என்றார் இன்னொருவர். ஒருவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். ஒருவர் தன் மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா என்று கேட்டார். சேலைக் கடைக்காரனுக்கே உரிய பழக்கத்தில், தை மாசத்துக்குள் அமையும், முகூர்த்தச் சேலைக்கு நம்ம கடைக்கே வாங்க என்று சொல்லிவிட்டேன். அதோடு என் பிரசாரம் முடிந்தது.

பதினோரு மணிக்குமேல் குடங்கள் வர ஆரம்பித்தன. மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. விரதக்காரன் சூடு தணியட்டும் என்று தலையில் ஊற்றினார்கள். ஒரு குடத்தில் பாதி எனக்கும் பாதி நாய்க்குமாகப் போயிற்று. இரண்டு வருடத்தில் அந்த நாய் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்காது. உடம்பைச் சிலுப்பிக்கொண்டு முதன்முறையாக வாலை ஆட்டியது. எனக்கு ஆட்ட வால் இல்லை, தும்மினேன்.

கூட்டம் கலைந்தது. வெயில் ஏறியது. வேப்பமர நிழல் நகர்ந்தது, நாய் எழுந்து நிழலின் பின்னால் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொருமுறை நகரும்போதும் சங்கிலி மரத்தைச் சுற்றுகிறது. சுற்றச் சுற்ற நீளம் குறைகிறது. உச்சி வேளைக்குள் நாயின் சங்கிலி என் சங்கிலிமேல் ஏறி, என்னுடையது அதன்மேல் ஏறி, இரண்டும் பின்னிக்கொண்டு, நாயின் மூக்கும் என் மூக்கும் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றன. நான் உருக்கமாகப் பேசுகிற பத்தடி அங்கே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டேன். தெருவில் போன ஒருவர், அருள் வந்திருச்சு என்று சொல்லிவிட்டுப் போனது காதில் விழுந்தது.

நாய் என்னைக் கடிக்கவில்லை. அது என்னைப் பார்க்கவே இல்லை. அதன் பார்வையெல்லாம் தண்ணீர்ச் சட்டிமேல் இருந்தது. காலையில் எட்டும் தூரத்தில் இருந்த சட்டி இப்போது எட்டாத தூரத்தில் இருந்தது. நானும் காலை நீட்டிப் பார்த்தேன், எனக்கும் எட்டவில்லை. அக்கா என்று கத்தினேன். அவர் வந்து என்னைத் தோளைப் பிடித்து, செக்கு மாட்டை ஓட்டுகிற மாதிரி மரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைத்துச் சிக்கெடுத்தார். பிறகு நாயை. தினமும் இரண்டு தடவை இப்படிச் சிக்கெடுக்க வேண்டியிருக்கிறது, பூ எடுக்கப் போய்விட்டால் வர முடியாது, அன்றைக்கெல்லாம் அது நாக்கு வறண்டு கிடக்கும் என்று சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்.

அதற்குள் எனக்கு வேறொரு அவசரம். ஊற்றிய குடங்கள் போதாதென்று இரண்டு செம்பு மோரும் குடித்திருந்தேன். இதற்காக மட்டும் ஐந்து நிமிடம் பூட்டைத் திறந்துகொள்ளலாம், நாய் யாரிடமும் சொல்லாது என்று சாவிக் கொத்தை எடுத்தேன். முன்வாசல் சாவி, பீரோ சாவி, மாடிக் கதவு. எல்லாவற்றையும் நுழைத்துப் பார்த்தேன். பீரோ சாவியை இரண்டு தடவை. அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து தாழ்ந்த கிளையில் மறைப்பாகக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பின்னால் நடந்ததை நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்துக்கொண்டது.

மனைவிக்கு போன் செய்தேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன், அது இன்னொரு முட்டாள்தனம். அவள் எங்கள் மொழியில் பேசிய இரண்டு நிமிடத்தில் தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. கடைசியில், என் மச்சினனிடம் சாவியைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். அவன் வேலை முடிந்து கிளம்பி வந்து சேர இருட்டிவிடும்.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்திவிட்டு அறிவித்தார்கள். பொழுது சாய்ந்ததும் காப்புக் கட்டு. வெளியூர்க்காரர்கள் அதற்குள் கிளம்பிவிட வேண்டும். காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருக்கிறவர் யாராக இருந்தாலும், எட்டாம் நாள் திருவிழா முடிகிறவரை ராத்திரி இங்கேதான் தங்க வேண்டும். காப்புக் கட்டியபின் யாரும் குழி தோண்டக் கூடாது, இரும்பை அறுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, உலக்கை போடக் கூடாது.

எட்டு நாள் என்றதும் பூட்டை இழுத்துப் பார்த்தேன். சங்கிலியை அறுக்க ஆள் வேண்டும் என்றேன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் ஊரில் ஒருவர்தான் என்றார் அந்த அம்மாள். யார் என்று கேட்டேன். அவர் தாடையால் வரப்புக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மதினி வீட்டில் யாரோ வேண்டுதல்காரர் சங்கிலியில் இருக்கிறார் என்று ஊரே சொன்னதில், கொழுந்தனார் தானே குளித்து, ஈர வேட்டியோடு வரப்புவரை வந்திருந்தார். அந்த வருடம் அக்கினிச்சட்டி எடுப்பவர்களில் அவரும் ஒருவர். என்னைக் கும்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அண்ணே என்றேன். எங்கள் பக்கத்தில் வயதை விசாரிப்பதைவிட அது சுலபம்.

சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "ஏண்ணே, இம்புட்டுப் பாடுபட்டீகளே, அந்த நாயை எதுக்குக் கட்டிப் போட்டிருக்காகன்னு கேட்டீகளா? நான் போக வர என்னையப் பாத்துக் குலைக்கணும்னுதான் மரத்துல கட்டி வச்சிருக்காக."

அந்த அம்மாள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் பதிலை என்னிடம் சொன்னார். கோழிக்காகக் கட்டிய சங்கிலி என்று அவரிடம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். கோழி போனது போய்விட்டது, அதற்காகவா ரெண்டு வருசம் என்று கேட்கச் சொன்னார் அவர். நான் கேட்டேன். இரண்டு பேருக்கும் இடையில் எட்டடி தூரம் இருக்கும். அவர்கள் பேசுவது ஒருவருக்கொருவர் தெளிவாகக் கேட்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியமும் என் வழியாகத்தான் போய் வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட, மஞ்சள் பூசிய தலையோடு, தபால்காரன் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். நடுநடுவே நாய் குரைத்தது. அதை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

விஷம் வைப்பதாகச் சொன்னார் அல்லவா என்ற கேள்வி என் வழியாகப் போனபோது அவர் எழுந்து நின்றார்.

"நானா?" என்றார். பிறகு, "சொன்னேன். அது கோவத்துல சொன்னதுண்ணே. வாயில்லா சீவனுக்கு நான் விசம் வைக்கிற ஆளா? மதினிக்கு என்னையத் தெரியாதா?"

இதையும் திருப்பிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள், என்னைத் தாண்டி, நேராக அவரைப் பார்த்து, "சொன்னீகள்ல" என்றார்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. வருடக்கணக்கில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. கொழுந்தனார் மரத்தடியில் நாய் கிடந்த இடத்தைப் பார்த்தார். சங்கிலி போய் வந்த இடமெல்லாம் புல் முளைக்காமல் வட்டமாகத் தேய்ந்திருந்தது. கல்லுக்காலையும் அதன்மேல் ஏறிய சுரைக்கொடியையும் பார்த்தார். இது எதுக்கு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். எங்கே நட வேண்டும் என்றார். அவர் நின்றுகொண்டிருந்த இடத்தைக் காட்டினேன். அவர் கால்மாற்றி நின்றார்.

மேற்கே வெயில் மங்கிக்கொண்டிருந்தது. கோயில் பக்கம் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவர் போய், காப்புக் கட்டுவதற்கு முன் முதல் ஆளாக நிற்க வேண்டியவர். "ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கு. பட்டறையில போயி மெஷினை எடுத்தாந்து ஒங்க சங்கிலியை அறுக்கணுமா, இல்ல கடப்பாரையை எடுத்தாந்து குழி தோண்டணுமா?" என்றார்.

இந்த இடத்தில் நான் பெருந்தன்மையோடு நாயைக் காட்டினேன் என்று எழுத ஆசைதான். எழுதலாம், பார்த்தவர்கள் மூன்று பேரில் ஒன்று நாய். ஆனால் உண்மை என்னவென்றால், மெஷின் என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். 'மெ' வரை வந்தது.

"நாய்க்குத் தோண்டுங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, எட்டு நாள் கழித்து அவருக்கு இந்த மனசு இருக்குமா தம்பி என்று தாழ்ந்த குரலில் கேட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கடப்பாரை கொண்டுவந்து ஈர வேட்டியோடேயே குத்தினார். அந்த அம்மாள் மண்ணை அள்ளிப் போட்டார். கல்லுக்காலை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கினார்கள். சுரைக்காய் ஒன்று அறுந்து உருண்டது. சங்கிலி எட்டுகிறவரை போய் நானும் உதவினேன், அதாவது கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் என்று சொன்னேன். நீங்க சும்மா இருங்கண்ணே என்றார் அவர். கல்லைச் சுற்றிக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கோயிலை நோக்கி ஓட்டமாக ஓடினார். அவர் தெரு திரும்பிய கொஞ்ச நேரத்தில் தப்பு முழங்கியது. குலவைச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டியாயிற்று. அதன் பிறகு ஊர் எல்லைக்குள் நான் எட்டு நாள் கைதி.

என் மச்சினன் ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். டீக்கடையில் விவரம் கேட்டிருக்கிறான். எல்லையைத் தாண்டினால் தனக்கும் ராத்திரிவாசம் வந்துவிடுமோ என்று பயம். யார் சமாதானம் சொல்லியும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மாள்தான் நடந்து போய்ச் சாவியை வாங்கிவந்தார். சாவி போட்டுத் திறக்கத் தடை எதுவும் இல்லை. கம்பி இழுத்து முறுக்கவும் தடையில்லை. மறுநாள் காலையில் நானும் அந்த அம்மாளும் கம்பியை மாட்டி, வளையம் கோத்து, நாயின் சங்கிலியை அதில் போட்டோம். நாய் முதலில் நம்பவில்லை. பழைய வட்டத்துக்குள்ளேயே நாலு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒரு காகத்தைத் துரத்தக் கிளம்பி, எப்போதும் கழுத்தை இழுக்கிற இடம் வந்தும் இழுக்காமல் போகவே, திகைத்து நின்று திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஓடியது பாருங்கள். வளையம் கம்பியில் கீச்சென்று கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த எட்டு நாளும் பகலில் டவுன் பஸ் பிடித்துப் போய்க் கடையைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பினேன். கடையில் இருந்த பையன்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் சேலை மடித்தார்கள். டாக்டரம்மா போன் செய்து, எனக்கு வெறிநாய் ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்தார். அந்த அம்மாள் வீட்டில் தாளிக்காத குழம்பு சாப்பிட்டேன், திருவிழா முடிகிறவரை அந்த ஊரில் தாளிப்பு இல்லை. சோறு இரண்டு நேரம் போட்டார். நாய்க்கும் இரண்டு நேரம் ஆனது எப்போது என்று கவனிக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பி வரப்புவரை போகிறது. நாயும் வரப்புவரை போகிறது. கல்லுக்காலுக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளித்தான் கொழுந்தனாரின் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். நாய் அங்கே போய் முன்னங்காலைத் தூக்கி நின்று அவற்றையே பார்க்கும். சேவல் ஒன்று வேண்டுமென்றே கிட்டத்தில் வந்து வந்து போகும். அளவெடுத்தது நான்தான். வரப்பிலேயே இந்தப் பக்க ஓரமாகத் தள்ளி நடச் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு நான் இடப்பக்கம் வலப்பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தேன். திருவிழா நாளில் அவருக்கு விரதம், கோபம் வராது. திருவிழா முடிந்ததும்? இந்தக் கேள்வியை அந்த அம்மாளும் என்னிடம் கேட்கவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் நாய் அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

கடைசி நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கொழுந்தனார் காப்பை அவிழ்த்துவிட்டு, வரப்பில் நின்று வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நாய் கல்லுக்காலருகே படுத்திருந்தது. இதைக் கேட்காமல் போனால் கோச்சடையில் எனக்குத் தூக்கம் வராது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நாயிடமிருந்து வழக்கமான பத்தடி தள்ளி நின்று கேட்டேன்.

"அண்ணே, மறுபடி கோவம் வந்தா, சோத்துல எதுவும் கலந்துற மாட்டீகல்ல?"

அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், குச்சியை வாயிலிருந்து எடுத்துத் துப்பினார்.

"கோழிய அடைச்சுப்புட்டேன்."